பூஜ்யம் பெருக்கல் நாற்பது

லோர்னா ட்வெய்ட்டின் தாளை வெண்டல் மறுபடியும் திருப்பிப் பார்த்தான். பத்துக் கட்டங்கள். பத்திலும் பூஜ்யம்.

எதிரே அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தெட்டு வயது. வகுப்பில் மற்றவர்களுக்கு அம்மா வயது, பாடம் நடத்தும் வெண்டலுக்கே அக்கா வயது.

அறிவியல் என்றாலே காத தூரம் ஓடுகிறவர்கள் கடைசியில் வந்து விழுகிற பாடம் வானியல். கணக்கு குறைவு, படம் அதிகம் என்று எந்தப் புண்ணியவானோ கிளப்பிவிட்டிருந்தான். அமெரிக்காவில், மொன்டானா மாநிலத்தின் அந்தச் சின்னக் கல்லூரியில் பட்டம் வாங்க ஏதாவது ஓர் அறிவியல் பாடத்தில் தேறியாக வேண்டும். அந்தக் கட்டாயத்துக்காக வருடம் தொண்ணூறு பேர் வெண்டலின் தலையில் விழுந்தார்கள்.

வீட்டுப்பாடம் ரொம்பச் சுலபம். பேப்பர் டவல் தீர்ந்ததும் மிஞ்சுகிற அட்டைக் குழலை எடுத்துக்கொள்ள வேண்டும். நிலா இல்லாத ராத்திரியில் வெளியே போய், குழல் வழியாக வானத்தில் பத்து இடம் பார்க்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் எத்தனை நட்சத்திரம் என்று எழுதி, கூட்டி, நாற்பதால் பெருக்க வேண்டும். வெறுங்கண்ணுக்குத் தெரிகிற மொத்த நட்சத்திரங்கள் எத்தனை என்று குத்துமதிப்பாக வந்துவிடும்.

அந்த ஊரில் கடைசித் தெருவிளக்கைத் தாண்டிவிட்டால் வானம் முழுக்க நட்சத்திரம் அப்பிக் கிடக்கும். மற்ற எல்லாரும் ஆறு, எட்டு, ஐந்து என்று எழுதி, இரண்டாயிரம், மூவாயிரம் என்று விடை கொண்டு வந்திருந்தார்கள்.

லோர்னாவும் பெருக்கியிருந்தாள். பூஜ்யம் பெருக்கல் நாற்பது, பூஜ்யம். கீழே அடிக்கோடு வேறு.

இந்தத் தாளுக்குப் பதினைந்து மதிப்பெண். அது வராவிட்டால் அவள் தேறமாட்டாள். தேறாவிட்டால் பட்டம் இல்லை, ஜனவரியில் கிடைக்கவிருக்கும் மேஜை வேலையும் இல்லை. முதுகுவலியோடு பழைய வேலைக்கே போக வேண்டியதுதான். இதையெல்லாம் முதல் வாரமே அவள் சொல்லியிருந்தாள். பழைய வேலை என்னவென்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை.

வாசலைக்கூடத் தாண்டியிருக்கமாட்டாள், டிவி முன்னால் உட்கார்ந்து பத்து முட்டை போட்டிருக்கிறாள் என்று நினைத்தபோது அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏமாற்றுவதற்குக்கூட ஒரு மெனக்கெடல் வேண்டாமா?

"அன்னிக்கு மேகமா இருந்துச்சா?" போனால் போகிறதென்று ஒரு வழி காட்டினான்.

"ஒரு பொட்டு மேகம் இல்ல சார். குளிர்தான் எலும்பத் துளைச்சுது."

பெருமூச்சு விட்டுக்கொண்டு பேனாவை எடுத்தான். அப்போதுதான் ஏழாவது கட்டம் கண்ணில் பட்டது. முதலில் ஒன்று என்று எழுதி, அடித்துவிட்டு, பூஜ்யம் போட்டிருந்தாள். ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: 'நகர்ந்தது. விமானம்.' ஒன்பதாவதில் இன்னொன்று: 'கை விறைத்துவிட்டது. உள்ளே போய்க் கையுறை மாட்டிக்கொண்டு வந்தேன்.'

டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு விமானம் எதற்கு?

வெண்டல் நிமிர்ந்தான். "லோர்னா, நீங்க இதுவரைக்கும் நட்சத்திரமே பார்த்ததில்லையா?"

அவள் சிரித்துவிட்டாள்.

"டெலஸ்கோப் இல்லாம யாரு சார் பார்த்தா? யாரு உள்ளத எழுதுறா, யாரு கதை விடுறான்னு பார்க்கத்தானே இந்த அட்டைய எங்க கையில குடுத்தீங்க? எனக்கு அப்பவே தெரியும். எங்க அம்மா அறுபது வருஷம் இதே ஊர்ல இருந்தாங்க, ஒண்ணுகூடப் பார்த்ததில்ல. ரெண்டாயிரமாம், மூவாயிரமாம்! இன்டர்நெட்டப் பார்த்து அளந்து விட்டிருக்குதுங்க அந்தப் பசங்க. நியாயமாப் பார்த்தா முழு மார்க்கு எனக்கு மட்டும்தான் வரணும்."

வெண்டல் தாளை இன்னொரு முறை பார்த்தான். அவள் கண்ணுக்குத் தெரிந்ததை அவள் எண்ணியிருக்கிறாள். பெருக்கலிலும் பிழை இல்லை.

பதினைந்துக்குப் பதினைந்து போட்டுத் தாளை அவள் பக்கம் நகர்த்தினான்.

"அப்பாடா!" என்றாள். கண் கலங்கிவிட்டது. அவனுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கண் டாக்டரைப் பார்க்கச் சொல்லி அடுத்த வாரம் பக்குவமாகப் பேசிக்கொள்ளலாம். நட்சத்திரம் தெரியாததால் யாருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வர்றேன் சார். நாலு மணிக்குப் புள்ளைங்கள ஏத்தணும். நூறு மைல் தள்ளி பாஸ்கெட்பால் மேட்ச். இருபத்திரண்டு பேரு, போகவர ஒரே கூச்சல். திரும்பி வர்றதுக்குப் பத்து மணி ஆயிடும்."

"பஸ்ஸ யாரு ஓட்டுறது?"

"வேற யாரு? நான்தான். பதினாறு வருஷமா ஸ்கூல் பஸ்ஸு. வெளிச்சம் போயிட்டா எனக்கும் ஒண்ணும் தெரியாதுதான், எல்லாரையும் போல. ரோடு மனப்பாடம், அத வச்சு ஓட்டிடுவேன்."

ஜன்னலுக்கு வெளியே டிசம்பர் வெயில் இறங்க ஆரம்பித்திருந்தது. மணி மூன்றேகால்.

வெண்டல் எழுந்து போய், அவளுக்கு முன்னால் கதவைச் சாத்தினான்.

"உட்காருங்க, லோர்னா. அந்தப் பசங்க யாரும் பொய் எழுதல."