மாமியாருக்குக் கழிவு இல்லை

ஆடிக்காற்று தேனி ஆடிட்டர் ஆபீசின் ஜன்னலை உலுக்குகிறது. பறக்கத் துடிக்கும் பில்களை ஸ்டாப்ளரால் அமுக்கிவைத்து, கிளார்க் செல்வமணி ஒவ்வொன்றாக உருவிப் பார்க்கிறார். ஜெபஷீலா டீச்சரின் மகளுக்குக் கட்டிய பள்ளிக் கட்டணம் வரிக்கழிவில் சேர்ந்துவிடுகிறது. கண் ஆபரேஷன் பில்லில் அவர் விரல் நின்றுவிடுகிறது. "இது மாமியாருக்கா டீச்சர்? பெத்தவகளுக்குத்தான் கழிக்கலாம், மாமியாருக்கு வராது." ஜெபஷீலாவின் கணவன் இறந்த இந்த ஆறு வருடமும் மாமியாருக்குச் சோறும் மருந்தும் அவள் சம்பளத்தில்தான், அதை எழுதப் படிவத்தில் இடமில்லை. செல்வமணி குரலைத் தாழ்த்துகிறார். "அம்மான்னு போட்டுருவோம். எட்டாயிரம் மிச்சமாகும். யாரு பாக்கப்போறா?" பக்கத்து நாற்காலியில் கறுப்புக் கண்ணாடியோடு மாமியார் அசையாமல் இருக்கிறார், விரல்கள் மட்டும் மடியில் சொட்டுமருந்துப் புட்டியை உருட்டுகின்றன. "போட்டுக்கிறட்டும் ஆத்தா," என்கிறார் மெல்ல. ஜெபஷீலா ஸ்டாப்ளரைத் தூக்கி, அந்த ஒரு பில்லை மட்டும் எடுத்து மடித்துப் பைக்குள் வைக்கிறாள். "எங்கம்மா இறந்துட்டாகண்ணே. இவுக எங்க அத்தை. வர்ற வரியைக் கட்டிட்டுப் போறேன்." சுவர்க் கடிகாரத்தில் மணி நான்கு. அவள் புட்டியை வாங்கித் திறந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுகிறாள். மாமியாரின் கண் சொட்டு விடும் முன்னமே நனைந்திருக்கிறது. "அசையாதீக அத்தை."