காலி செய்யும் வீடு

பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள் அவள். கூடமாட வேலை செய்யவேண்டிய தம்பியோ, குட்டி போட்ட பூனையாகச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"அத்தான், நீங்க எதுக்குக் காலி பண்ணணும்? போக மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வாசல்ல என் ஆளுங்க நிக்கறாங்க. ஒருத்தன் உள்ள வர முடியாது."

"கெடு இன்னையோட முடியுது, மாப்ள" என்றார் கணவர். புதிதாக வருபவர்களுக்காகச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்: 'குளியலறைக் குழாயை இறுக்கி மூடவும். ஒழுகும்.'

"பயந்து ஓடிட்டார்னு ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். இங்கேயே உட்கார்ந்திருக்க உன் ஆளுங்க போதும். எழுந்து போகத்தான் தைரியம் வேணும்."

"அப்போ இத்தோட எல்லாம் முடிஞ்சுதா?" அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"யார் சொன்னா? அஞ்சு வருஷம் கழிச்சு மறுபடி ஜனங்ககிட்ட கேட்போம். குடுத்தா வருவோம்."

தம்பி சுற்றுவதை நிறுத்தினான். பிறகு தன் ராணுவத் தளபதித் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, தேர்தலில் நூலிழையில் தோற்றிருந்த ஜனாதிபதிக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான்.

சற்று நேரத்தில், வாசலை அடைத்து நின்ற டாங்கிகள் ஒவ்வொன்றாக முகாமுக்குத் திரும்பின.