மாமன் கைராசி

"அந்த இட்லித் தட்ட அப்பால நவுத்து லதா, கொழந்த கை எட்டுது பாரு!"

முரளிதரன் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரரும் தன் தட்டை நகர்த்திக்கொண்டார். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த அந்த ஓட்டலில் காலை பத்து மணிக்கு உட்கார இடம் கிடைத்ததே பெரிய விஷயம். ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும், எப்போது எழுந்திருப்பார்கள் என்று ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. அந்த நெரிசலில் ஏழு மாதத் தரணி, அப்பாவின் மடியில் நிலைகொள்ளாமல் துள்ளி, ஓட்டலே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள்.

"பால் குடுத்துப் பாரேன்."

"பாட்டிலத் தள்ளித் தள்ளி வுடுறா. நான் இன்னா பண்ணட்டும்?" ஸ்வர்ணலதாவுக்கே அழுகை வந்துவிடும் போலிருந்தது. பிரசவ லீவு முடிந்து போன மாதம்தான் ஸ்ரீசிட்டி கம்பெனியில் வேலைக்குத் திரும்பியிருந்தாள். இந்த ஒரு நாள் லீவுக்கே மேனேஜரிடம் தொங்க வேண்டியிருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்தவர் அவளுடைய அண்ணன் முனிகிருஷ்ணன். ராமகுப்பத்தில் பட்டுப்புழு வளர்க்கிறவர். மூக்கு நுனியில் ரோஷம். தங்கை கல்யாணத்தில் தனக்கு மரியாதை பத்தவில்லை என்று முறுக்கிக்கொண்டு போனவர், இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. தரணி பிறந்த பிறகுதான் வாசல் மிதித்தார். வந்தவர் ஒன்றே ஒன்று கேட்டார். குழந்தைக்கு முதல் சோறு தாய்மாமன் கையால். அதுவும் திருமலையில், சாமி பிரசாதம். அதுவரை ஒரு பருக்கை உள்ளே போகக்கூடாது.

இதிலும் குளறுபடி நடந்தால் அண்ணன் இந்த ஜென்மத்தில் திரும்பிப் பார்க்க மாட்டார் என்று ஸ்வர்ணலதா புருஷனிடம் நூறு தடவை சொல்லியிருந்தாள்.

சர்வர் குனிந்து தரணியைப் பார்த்தான். "பாப்பாக்கு ஆகலி சார், பசி. ஒரு இட்லி பால்ல பிசைஞ்சு கொண்டாரட்டா? இந்த வயசுல நல்லா துன்னும்."

"யாருய்யா உன்னக் கேட்டது? அவ இட்லியக் கண்ணால கூட பாத்ததில்ல!" என்று பாய்ந்தான் முரளிதரன்.

சர்வர் வந்த வழியே நகர்ந்துவிட்டான். முனிகிருஷ்ணன் முகம் மலர்ந்துவிட்டது.

"இன்னா மாப்ளே, என் வேண்டுதல என்னவிட ஜாஸ்தியா நீங்க காபந்து பண்றீங்க! இத்தினி நாள் உங்கள நான் தப்பா நெனச்சினு இருந்துட்டேன்."

முரளிதரன் சிரிப்பது போல ஏதோ செய்தான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கல்லா வரைக்கும் போனான். அங்கே இட்லி பார்சல். ஜன்னல் பக்கம் போனான். அங்கே ஒரு தாத்தா இட்லியை சாம்பாரில் மூழ்கடித்துக்கொண்டிருந்தார். தரணி அதைப் பார்த்துக் கையை நீட்டினாள். பதறிப்போய் அவளைச் சுவர் பக்கம் திருப்பினான். இட்லி இல்லாத மேசை ஒன்றாவது இந்த ஊரில் உண்டா என்று அவனுக்கு ஆத்திரமாக வந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவனுடைய தோசை ஆறி விறைத்திருந்தது.

"கொழந்தய இப்பிடியா பட்டினி போடுவாங்க?" நாற்காலிக்குப் பின்னால் நின்ற அம்மாள் யாரிடமோ சொன்னாள்.

சாப்பிட்டு முடித்துவிட்ட முனிகிருஷ்ணன் எழுந்தார். "குடுங்க மாப்ளே, பஸ் காட்டிக்கினு வரேன். நீங்க துன்னுங்க."

"வாணாம் மச்சான், நானே வெச்சிக்கினு..."

"அட, மாமங்காரன் தூக்குனா தேஞ்சா பூடுவா?"

பறித்துக்கொண்டு கூட்டத்தில் நுழைந்து மறைந்துவிட்டார். முரளிதரனுக்கு இரண்டு வாய் கூட இறங்கவில்லை. தரணியின் அழுகை தூரத்தில் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு சட்டென்று நின்றது.

"அப்பாடா, அடங்கிட்டா. இப்பவாவது நிம்மதியா துன்னுங்க" என்றாள் ஸ்வர்ணலதா.

"அடங்கிட்டாளா? எப்பிடி?" கையைக்கூடக் கழுவாமல் எழுந்து ஓடினான்.

வாசலில் அவர்கள் இல்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கமும் இல்லை. ஓட்டலுக்குப் பின்னால், பாத்திரம் கழுவுமிடத்தில், கவிழ்த்துப் போட்ட பால் கிரேட்டின் மேல் முனிகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார். மடியில் தரணி. உள்ளங்கையில் பிசைந்த இட்லி. பக்கத்தில் பால் டம்ளருடன் அதே சர்வர் நின்றான்.

முரளிதரனைக் கண்டதும் அந்த ரோஷக்காரரின் முகம் சுருங்கிப்போயிற்று.

"மாப்ளே... பசியில துடிக்கிறா. எனக்கு மனசு கேக்கல. வேண்டிக்கினவனே கெடுத்துட்டேன். தங்கச்சிக்குத் தெரிஞ்சா அவ மூஞ்சில முழிக்க முடியாது. சொல்லிடாதீங்க, உங்க கால்ல வேணா வுழறேன்."

முரளிதரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "சீச்சீ, இன்னா மச்சான் பேச்சு இது! நான் மூச்சு வுட மாட்டேன்."

முனிகிருஷ்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மெல்லப் பெருமை எட்டிப் பார்த்தது. "மொத மொதல்ல துன்றா, எப்பிடி வாயத் தொறந்து வாங்குனா பாத்தீங்களா? ஒரு பொட்டு கீழ சிந்தல. எல்லாம் மாமன் கைராசி!"

"பின்ன! உங்க கைராசிதான் மச்சான்."

அடுத்த வாயை அவர் நீட்டினார். தரணி உதட்டை இறுக்கி மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னா ஆச்சு இவளுக்கு?"

மனசில் இருந்த பாரமெல்லாம் இறங்கிய சந்தோஷத்தில் முரளிதரன் குனிந்து மகளின் கன்னத்தைத் தட்டினான்.

"பால் வாணாம் மச்சான், சக்கர தொட்டுக் குடுங்க. லதா கம்பெனி பஸ் ஏறுனதும் ஒரு மாசமா நான் தெனம் அப்பிடித்தான் குடுக்கறேன், அர இட்லி சத்தமில்லாம துன்னுடுவா!"