மாதிரி வழக்கு

கணினி வலையமைப்பே தீர்ப்புச் சொல்லும் பிளாக்செயின் முறையை ஆராயத் தாமிராவுக்கு உதவித்தொகை கிடைத்திருந்தது. சோதித்துப் பார்க்க உண்மையான வழக்கு ஒன்று வேண்டும். கணவன் கதிரேசன் ஈரத்துண்டைக் கட்டிலில் போடுவதையே புகாராகப் பதிந்தாள். அவனும் சிரித்துக்கொண்டே கைரேகை வைத்தான்.

இருவரும் ஒரே வீட்டில் இருக்கலாகாது என்று தீர்ப்பு வந்தது. இணையத்தோடு இணைந்த வீட்டுப் பூட்டுக்கும் அது போய்ச் சேர்ந்துவிட்டது. பால் வாங்கப் போய்த் திரும்பியவனுக்குக் கதவு திறக்கவில்லை. அவன் வாசலில் நிற்கும்வரை உள்ளிருந்த அவளுக்கும் திறக்கவில்லை.

"நீதானே போட்ட. வாபஸ் வாங்கு," என்றான் ஜன்னலருகே வந்து.

"தீர்ப்ப யாராலயும் மாத்த முடியாதுன்னு நிரூபிக்கத்தாங்க எனக்கு உதவித்தொகையே தர்றாங்க."

அவன் பால் பாக்கெட்டைக் கம்பி வழியாக உள்ளே நீட்டினான்.

"காபியாவது போடு."

போட்டாள். டம்ளர் கம்பிக்குள் நுழையவில்லை.