கழற்றி வைத்த விசில்

சர்க்கரை சேர்க்காமல் பிஸ்கட் சுடப்போவதாக ஸ்டெல்லா சொன்னதும் அடுக்களை முழுக்க ஒரே பரபரப்பு. அவள் கணவர் அருளப்பனுக்குச் சுகர் வந்ததிலிருந்து, மூன்று மாதமாக அந்த வீட்டில் பிஸ்கட் வாசமே கிடையாது.

ஓவனுக்குப் பதிலாகக் குக்கரை எடுத்து, அதற்குள் அடியில் உப்பைப் பரப்பினாள். விசிலைக் கழற்றி, மேடையில் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். கேழ்வரகு மாவும் கடலையும் கொஞ்சம் பேரீச்சம்பழமும் பிசைந்து தட்டிய வில்லைகளைத் தட்டோடு குக்கருக்குள் இறக்கி மூடினாள்.

“நான் இல்லாம பிஸ்கட்டாம்! வாயில வைக்க முடியுமா?” என்றது சர்க்கரை டப்பா.

“என்னையும்தானே கழட்டிட்டா! வெந்துச்சா இல்லையான்னு யாரு கத்திச் சொல்றது? கரிதான் மிஞ்சும், பாரு!” என்றது விசில்.

குக்கருக்குப் பதில் சொல்ல நேரமில்லை. அது சூட்டைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

இருபதாவது நிமிடம் வாசனை கிளம்பி மொட்டைமாடி வரை போனது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அருளப்பன் ஈரத் துண்டும் கையுமாக ஓடி வந்தார்.

“எனக்கா? நெசமாவே நான் திங்கலாமா?”

“ரெண்டு திங்கலாம்!”

ஒரு கடி கடித்தார். “ஸ்டெல்லா! மொறுமொறுன்னு இருக்குடி!”



மறுநாள் காலை குக்கரில் பருப்பு ஏறியது. ஸ்டெல்லா விசிலை எடுத்து மாட்டினாள். முதல் ஆவி பட்டதுமே தெருவுக்கே கேட்கும்படி அது கத்தியது:

“நேத்து நாங்க பிஸ்கட் சுட்டோம்! நாங்க சுட்டோம்!”

“ஆமா, நான் பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டேன்!” என்றது சர்க்கரை டப்பா.

கீழே குக்கர் பருப்பை வேகவைத்துக்கொண்டிருந்தது.