நீர்நாயின் தடங்கள்

அந்த ஆற்றில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு நீர்நாய். நண்டு ஓடிவந்து சொன்னது: "அக்கா, நாடு பூரா உயிரினங்களைக் கணக்கெடுக்கிறாங்களாம். காலடித் தடம் இல்லாத ஆத்துல காவலை எடுத்துடுவாங்களாம்!"

நீர்நாய் உடனே கரையேறியது. காவல் போனால் வலையும் வெடியும் வந்துவிடுமே! பொழுது சாய்வதற்குள் ஒரு மணல்திட்டு விடாமல் ஓடி, எல்லாவற்றிலும் தடம் பதித்துவைத்தது.

மறுநாள் கணக்கெடுக்க வந்தவர்கள் அசந்துபோனார்கள். "அடேயப்பா, கூட்டம் கூட்டமா இருக்கு! இங்க இனிமே காவல் எதுக்கு? காவல்காரங்க கூடாரத்தைப் பிரிங்கப்பா."

"ஐயோ, நான் ஒருத்திதான்!" என்று கத்திக்கொண்டே நீர்நாய் அவர்கள் பின்னால் ஓடியது. ஒருவர் திரும்பியதும், பழக்கதோஷத்தில் தண்ணீருக்குள் பாய்ந்துவிட்டது.

அவரோ ஈர மணலில் புதுத் தடங்களைக் கண்டு, கணக்கில் இன்னும் நாலைக் கூட்டிக்கொண்டார்.