நல்லதம்பிக்கு ஓர் இலை

மிளகாயும் பூண்டும் எண்ணெயில் விழுந்ததும் வீடே இருமியது.

முற்றத்தில் வாழை இலை நறுக்கிக்கொண்டிருந்த பிச்சைமுத்து தும்மித் தும்மிக் கண்ணைத் துடைத்தார். கொல்லையில் கட்டியிருந்த ஆடுகூட ஒரு தும்மல் போட்டது.

"சமைக்கிறாளா, ஊரை வெரட்டுறாளா?" என்றார்.

அடுப்படியில் செவந்திக்குத் திரும்பிப் பார்க்கவும் நேரமில்லை. சட்டிக்குக் கீழே தீ குறையவே கூடாது என்று சயாம் போய் வந்த வெள்ளைச்சாமி சொல்லியிருந்தான். ஒரு கையால் விறகைத் தள்ளினாள், மறு கையால் புரட்டினாள்.

திருமயத்துக்குத் தெற்கே அந்த ஊரில் இப்படியொரு பலகாரத்தை யாரும் கண்டதில்லை. அரைத்த அரிசி மாவை இலை வடாம் மாதிரித் தட்டில் ஊற்றி அவிக்க வேண்டும். உரித்தெடுத்துச் சுருட்டி, அரிவாள்மனையில் விரல் அகலத்துக்கு அரிய வேண்டும். சயாம் நாட்டில் அதற்கு ஏதோ பெயர் உண்டு. அது செவந்தியின் வாயில் நுழையாததால் பட்டைச் சேவை என்று அவளே வைத்துக்கொண்டாள்.

காலையில் ஊற்றிய முதல் தட்டு கூழாகிப் போனது. அடுத்தது தட்டைவிட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. அதற்கப்புறம்தான் அரிசி வழிக்கு வந்தது.

அரிந்த பட்டைகளைச் சட்டியில் கொட்டி, புளித்தண்ணீரும் கருப்பட்டிப் பாகும் விட்டுப் புரட்டினாள். கடைசியில் திருநீற்றுப் பச்சிலையைக் கிள்ளிப் போட்டாள். அங்கே போடுகிற இலைக்கும் ஏறக்குறைய இதே வாசம்தான் என்று வெள்ளைச்சாமி முகர்ந்து பார்த்துச் சொல்லியிருந்தான்.

"நல்லதம்பி இதுக்கு உசுரையே விடுவான்" என்றும் சொன்னான். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

நல்லதம்பி செவந்தியின் புருஷன். அவனும் வெள்ளைச்சாமியும் மலாயா ரப்பர்த் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போனவர்கள். சண்டை வந்ததும், ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று ஜப்பான்காரன் இருவரையும் சயாம் காட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனான். அங்கே காய்ச்சலில் கிடந்த நல்லதம்பியை ஒருநாள் வேறு எங்கோ தூக்கிப் போனார்கள். அதற்குப் பிறகு வெள்ளைச்சாமி அவனைப் பார்க்கவில்லை. பிணத்தையும் பார்க்கவில்லை.

சண்டை முடிந்து, வெள்ளைச்சாமி மட்டும் கப்பலேறி வந்து சேர்ந்தான்.

வருகிற ஆவணியில் செவந்தியின் நாத்தனாருக்குக் கல்யாணம். கல்யாண வேலையைத் தொடங்குமுன் வீட்டில் செத்தவர்களுக்கு இலை போட்டுப் படைக்க வேண்டும். மாமனாருக்கு ஓர் இலை. அதில் யாருக்கும் பேச்சில்லை.

"நல்லதம்பிக்கும் ஒரு எலை போட்டுருவோம். இருக்கானா இல்லையான்னு எத்தன நாளைக்குத்தான் பாத்துக்கிட்டு இருக்குறது?" என்று ஆரம்பித்தவர் சின்ன மாமனார் பிச்சைமுத்துதான். கெட்ட மனிதர் இல்லை. கல்யாணச் சுமை முழுக்க அவர் தலையில் இருந்தது.

இலை விழுந்துவிட்டால் நல்லதம்பி செத்தவன். பொழுது சாய்வதற்குள் செவந்தியின் கழுத்திலிருந்து தாலி இறங்கிவிடும்.

அவனைப் பெற்றவள் தடுப்பாள் என்று செவந்தி நம்பியிருந்தாள். மாமியார் சொர்ணமோ சுவரைப் பார்த்துக்கொண்டே, சரி என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு வந்த கோபம் செவந்திக்கு இன்னும் ஆறவில்லை.

செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பது வழக்கம். நல்லதம்பி கடைசியாக ஆசைப்பட்டுத் தின்றது எது என்று வெள்ளைச்சாமியைக் கூப்பிட்டுக் கேட்டதும் அதனால்தான்.

சட்டியில் சேவை சிவந்து மினுங்கியது. கூடத்தில் விளக்கேற்றி, இரண்டு இலைகளையும் விரித்தாகிவிட்டது. சொர்ணம் அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"ஆச்சா ஆத்தா? எலை காத்துக்கிட்டுக் கெடக்கு."

ஆகிவிட்டது. இறக்கி வைக்க வேண்டியதுதான். செவந்திக்குக் கை வரவில்லை. அவன் இருக்கிறான் என்பதற்கு அவளிடம் ஒரு சாட்சியும் கிடையாது. ஆனாலும் இருக்கிறான் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

கரண்டி நுனியில் ஒரு பட்டையை எடுத்தாள். ஊதினாள். வாயில் போட்டு மென்றாள்.

"அடியே!" என்று சொர்ணம் பதறிக்கொண்டு உள்ளே வந்தாள்.

படையலுக்குச் சமைப்பதை யாரும் ருசி பார்ப்பதில்லை. உப்புக்கூடப் பார்க்கக் கூடாது. வாய் வைத்துவிட்டால் எச்சில். செத்தவருக்கு ஆகாது, உயிரோடு இருப்பவர்கள்தான் தின்னலாம்.

செவந்திக்குப் பயமாகத்தான் இருந்தது. மாமியாரின் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே விழுங்கினாள்.

என்ன சத்தம் என்று பிச்சைமுத்து கூடத்திலிருந்து குரல் கொடுத்தார்.

சொர்ணம் அடுப்பருகே குந்தினாள். மருமகள் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி, சுடச் சுட ஒரு பிடியை உள்ளங்கையில் கொட்டி வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணிலிருந்து நீர் கொட்டியது. காரத்தால் என்றுதான் செவந்தி முதலில் நினைத்தாள்.

"ஒறப்புப் பத்தல ஆத்தா" என்றாள் சொர்ணம். "எம்புள்ள இத வாயிலயே வைக்க மாட்டான். இன்னுங் கொஞ்சம் மொளகா கிள்ளிப் போடு."